ஒரே ஒரு மூலை

ரூபிக் கியூபில் எல்லாம் சேர்ந்துவிட்டது. ஒரு மூலைத் துண்டு மட்டும் இருந்த இடத்திலேயே திரும்பி நின்றது. மூன்று ராத்திரி அதே திருப்பல்களைப் போட்டுப் பார்த்தேன். அது சரியானால் வேறொரு மூலை கெட்டது. என் கைதான் தப்பு செய்கிறது என்றே நம்பினேன்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது: கீழே விழுந்து சிதறிய கியூபைக் கோத்தது நான்தான்! கண்டபடி கோத்தால் 12-இல் ஒரு முறைதான் அது தீரக்கூடிய நிலையில் அமையும். ஒரு மூலையை மட்டும் தனியாகத் திருப்ப எந்தச் சூத்திரமும் கிடையாது. வழியைத் தேடினேனே தவிர, வழி இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை.

சரி என்று மேலடுக்கை 45 டிகிரி திருப்பி, ஓரத் துண்டை மெதுவாக நெம்பி எடுத்தேன். மூலையைக் கழற்றி, நிறம் பார்த்துத் திருப்பிச் செருகினேன். ஓரத் துண்டை அழுத்தியதும் 'டக்' என்று உட்கார்ந்தது.