வண்ணாரப்பேட்டைப் பக்கம் வீடு பார்க்க வருகிறீர்களா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

வட சென்னையில், புது வண்ணாரப்பேட்டையில் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை இருக்கிறது. ஜாக்கெட் அளவு கொடுத்து முடித்ததும் பாதிப் பேர் கேட்கிற அடுத்த கேள்வி, "அக்கா, இந்தப் பக்கம் வாடகைக்கு வீடு ஏதாவது காலியா இருக்கா?" என்பதுதான். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரைக்கும் ஓட ஆரம்பித்த பிறகு இந்தக் கேள்வி அதிகமாகிவிட்டது. அண்ணா சாலையிலும் கிண்டியிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள், ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வரும் நர்ஸ் பெண்கள், மணலி கம்பெனிகளில் சேர்ந்த தென்மாவட்டத்துப் பையன்கள் என்று தினம் யாராவது கேட்கிறார்கள். கல்யாணமாகி இங்கே வந்த 31 வருஷத்தில் நானே ஐந்து வாடகை வீடு மாறியிருக்கிறேன். ஒவ்வொருவரிடமும் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

டைல்ஸ் போட்டிருக்கிறதா, ஜன்னல் பெரிதா, அட்டாச்டு பாத்ரூமா என்பதெல்லாம் அப்புறம். எங்கள் பக்கம் வீடு பார்ப்பது என்றால் தண்ணீர் பார்ப்பது. கடலோரம் என்பதால் போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், பல தெருக்களில் உப்பு. மீஞ்சூர் பக்கம் அதிகமாக இறைத்து இறைத்துக் கடல் தண்ணீர் நிலத்துக்குள் ஏறிவிட்டது என்பது பழைய கதை. அதனால் குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் மெட்ரோ வாட்டரை, அதாவது சென்னைக் குடிநீர் வாரியம் பைப்பில் விடுகிற தண்ணீரைத்தான் நம்பியிருக்கிறோம். புழல் ஏரித் தண்ணீரும், 2010-ல் காட்டுப்பள்ளியில் தொடங்கிய கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் தண்ணீரும்தான் எங்கள் குடங்களுக்கு வருகின்றன. அந்த ஆலையால் ஒரு நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர் தர முடியும். அவ்வளவு இருந்தும் பைப்பின் கடைசியில் இருக்கிற வீட்டுக்கு ஒரு குடம் ஏறுவதற்குள் கை விட்டுப்போகும். நீங்கள் பார்க்கிற வீடு பைப்பின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டு ஓனரைக் கேட்டால் "தண்ணிக்குப் பஞ்சமே இல்லம்மா" என்பார். புரோக்கரும் அதையே சொல்வார். விடியற்காலையில் போய் நில்லுங்கள். தண்ணீர் விடுகிற நாளையும் நேரத்தையும் தெருவில் கோலம் போடுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பல தெருக்களில் ஒருநாள் விட்டு ஒருநாள். அந்த நேரத்தில் அந்த வீட்டின் அடிபம்பை நீங்களே அடித்துப் பாருங்கள். முதலில் கைப்பிடி வெறுமனே ஏறி இறங்கும், உள்ளே கொர்ரென்று காற்று இழுக்கும். பத்துப் பதினைந்து அடியில் கை கனக்க ஆரம்பித்தால் தண்ணீர் ஏறுகிறது என்று அர்த்தம். ஐம்பது அடித்தும் கனக்கவில்லை என்றால் தினமும் உங்கள் தோள் படப்போகிற பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் குடம் கொஞ்சம் கலங்கலாக வருவது சகஜம், அதைக் கழுவுகிற வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, மூன்றாவது குடத்திலும் சாக்கடை வாடை அடித்தால் பழைய பைப்பில் எங்கேயோ கலக்கிறது. அப்படி இருந்தால் குழந்தை இருக்கிறவர்கள் அந்த வீட்டை எடுக்காதீர்கள். குடியேறின பிறகு இந்தத் தொல்லை வந்தால் மெட்ரோ வாட்டரின் 044-4567 4567 எண்ணில் புகார் கொடுங்கள். புகார் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர்களையும் தனித்தனியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு தெருவிலிருந்து நாலு புகார் போனால் ஆள் சீக்கிரம் வருகிறார்கள்.

பம்பு அடிக்கும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கிறதா? மெயின் லைனிலேயே மோட்டார் போட்டு உறிஞ்சுகிற வீடு பக்கத்தில் இருந்தால், அவர்கள் சம்ப் (தரைக்கடித் தொட்டி) நிரம்பின பிறகுதான் உங்கள் பம்புக்குத் தண்ணீர். எங்கள் மூன்றாவது வீட்டில் இரண்டு வருஷம் இந்தக் கொடுமையை அனுபவித்தோம். காலை நாலரைக்கு எழுந்து அவர்களுக்கு முன்னால் அடித்தால்தான் எங்களுக்கு ஆறு குடம்.

அடுத்தது போர் தண்ணீர். ஒரு லிட்டர் பாட்டில் கொண்டுபோய் மாடி டேங்கிலிருந்து வருகிற குழாயில் பிடித்து வாருங்கள். மூடாமல் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் அடியில் மஞ்சளாகப் படிந்தால் இரும்புச் சத்து. வெள்ளைத் துணி எல்லாம் பழுப்பாகிவிடும். குளிக்கிற சோப்பைக் கொஞ்சம் கரைத்துக் குலுக்குங்கள். நுரை வராமல் பால் திரிந்த மாதிரி ஆனால் கடினமான தண்ணீர். அதில் துவரம்பருப்பு லேசில் வேகாது, தலைமுடியும் வறண்டுபோகும். பாத்ரூம் குழாயின் வாயில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். தண்டையார்பேட்டைப் பக்கம் என்றால் இன்னொன்றும் செய்யுங்கள். 2013-ல் அங்கே சில தெருக்களில் பூமிக்கடியில் போகிற எண்ணெய்க் குழாய் கசிந்து போர் தண்ணீரில் டீசல் கலந்துவிட்டது. பாட்டில் மூடியைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள், வெயிலில் பிடித்து மேலே எண்ணெய்ப் படலம் மின்னுகிறதா என்றும் பாருங்கள்.

தண்ணீர் வராத வீட்டைப் பற்றிச் சொன்னேன், தண்ணீர் வந்து நிற்கிற வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் நாலா பக்கமும் கால்வாய்தான். பக்கிங்காம் கால்வாய், கொடுங்கையூர் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய், ஓட்டேரி நல்லா என்கிற ஓடை. மழை பலமாகப் பிடித்தால் புளியந்தோப்பு, பட்டாளம், வியாசர்பாடி எல்லாம் முழங்கால் தண்ணீர். கணேசபுரம் சுரங்கப்பாதையை மூடிவிடுவார்கள். மழைக்காலத்தில் வீடு பார்க்க வந்தால் உங்கள் அதிர்ஷ்டம், எல்லாம் கண்ணெதிரே தெரிந்துவிடும். சித்திரை வைகாசியில் வந்தால் சுவரைத்தான் படிக்க வேண்டும். தரைத்தளத்து வீடு என்றால் ஈ.பி. மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அதைத் தலைக்கு மேலே ஏற்றி வைத்திருந்தால் ஏதோ ஒரு வருஷம் தண்ணீர் அதுவரை மிரட்டியிருக்கிறது. வாசற்படியில் புதிதாக ஒரு சிமெண்ட் வரப்பு, கதவின் அடிப்பாகம் மட்டும் உப்பிப் போயிருப்பது, இடுப்பளவுக்கு மட்டும் புதுப் பெயிண்ட், இவை எல்லாமே சாட்சி.

எங்கள் நாலாவது வீடு இப்படித்தான். அறை எல்லாம் பெரிது, வாடகையும் குறைவு. இடுப்பளவுக்கு இளம்பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள், டிசைன் என்று நினைத்தேன். 2015 டிசம்பர் ராத்திரி அந்தப் பச்சை அளவுக்குச் சரியாகத் தண்ணீர் நின்றது. தையல் மெஷினை மேஜை மேல் ஏற்றி, அதன் மேல் மகனின் சர்ட்டிபிகேட் பையை வைத்து, மாடி வீட்டுப் பாய் குடும்பத்தோடு மூன்று நாள் இருந்தோம். அவர்கள் சமைத்ததைத்தான் சாப்பிட்டோம். அதனால் முடிந்தவரை முதல் மாடி பாருங்கள், வாடகை ஆயிரம் ஐந்நூறு கூட ஆனாலும் பரவாயில்லை. தெருவில் தண்ணீர் நின்றால், குப்பை எடுக்கவில்லை என்றால் மாநகராட்சிக்கு 1913. கரண்டு போனால் 94987 94987.

மூக்கையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மணலி, எண்ணூர்ப் பக்கம் காற்று திரும்புகிற நேரத்தைப் பொறுத்து ஆலை வாடை வரும். கொடுங்கையூர் குப்பைமேடு தீப்பிடித்தால் புகை கிலோமீட்டர் கணக்கில் வரும். பகலில் ஒரு தடவை, ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒரு தடவை போய் நின்று பாருங்கள். வீட்டில் யாருக்காவது வீசிங் இருந்தால் இதை அலட்சியப்படுத்த வேண்டாம். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் ஓடும் ரோட்டு ஓரம் என்றால் ஜன்னல் கம்பியை விரலால் ஒரு தடவை தேய்த்துப் பாருங்கள், விரல் கறுத்தால் காயப்போடுகிற துணியும் அப்படித்தான் ஆகும். கொருக்குப்பேட்டைப் பக்கம் என்றால் ரயில்வே கேட்டுக்கு எந்தப் புறம் வீடு, எந்தப் புறம் வேலை என்று யோசியுங்கள். கேட் விழுந்தால் காலை நேரத்தில் ஆபீஸ் கணக்கெல்லாம் தப்பிவிடும்.

இனி பணம். முன்பெல்லாம் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்கிறது. இதைப் பணிவாகச் சொல்லிப் பேரம் பேசுங்கள். நான் சொல்லிக்கொடுத்து ஒரு பெண் ஆறு மாத அட்வான்ஸை நாலாகக் குறைத்திருக்கிறாள். எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அதில் அட்வான்ஸ் தொகை, காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள், தண்ணீருக்குத் தனியாகக் காசு உண்டா, இந்த மூன்றும் இருக்கட்டும். எங்கள் இரண்டாவது வீட்டில் வாய்ப்பேச்சை நம்பி, பெயிண்ட், பைப்பு, ஆணி அடித்த ஓட்டை என்று பாதி அட்வான்ஸை விட்டுவிட்டு வந்தோம். இப்போதானால் குடிபோகிற அன்றே எல்லாச் சுவரையும் போனில் படம் எடுத்து ஓனருக்கு அனுப்பிவிடுவேன். வாடகைத் தகராறு என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த ஓனருக்கு உரிமை இல்லை, அதுவும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது.

உங்கள் போர்ஷனுக்கு ஈ.பி. இணைப்பு தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள். தனி இணைப்பு என்றால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கு வரும். ஓனரின் இணைப்பிலிருந்து பிரித்த சப் மீட்டர் என்றால் அந்த லாபம் பெரும்பாலும் ஓனரோடு நின்றுவிடும், யூனிட்டுக்கு அவர் சொல்கிற காசுதான்.

ரேஷன் கார்டு பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். முகவரி மாற்றத்தை ஆன்லைனிலேயே போடலாம், வாடகை ஒப்பந்தம் இதற்கும் உதவும். மாறுகிற வரைக்கும் சொந்த ஊருக்கு ஓட வேண்டியதில்லை. 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டு கார்டுக்கு மாநிலத்தில் எந்த ரேஷன் கடையிலும் வாங்கலாம், கைரேகை வைத்தால் போதும்.

ஒன்று மனசு விட்டுச் சொல்கிறேன். சில ஓனர்கள் வாடகையைச் சொல்வதற்கு முன்னால் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பார்கள். அந்த வீடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். கோயிலும் தர்காவும் சர்ச்சும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர் இது, அப்படிக் கேட்காத ஓனர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். அதே மாதிரி, வட சென்னை என்றாலே ரவுடி ஏரியா என்று உங்கள் அப்பா அம்மா பயந்தால் அவர்களை ஒரு சாயங்காலம் கூட்டிக்கொண்டு வாருங்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு நடுராத்திரியில் கிளம்புகிறவர், ஷிஃப்ட் முடிந்து வருகிறவர், அதிகாலையில் இட்லிக்கடைக்கு அடுப்புப் பற்றவைக்கிற அம்மா என்று எங்கள் தெருக்களில் எந்த நேரமும் யாராவது விழித்திருப்பார்கள். ராத்திரி பத்தரைக்கு மெட்ரோவில் இறங்கி நடந்து வருகிற பெண் பிள்ளையைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற நாலு கண் வீடு வரை கொண்டுவந்து விடும். என் மகள் மூன்று வருஷம் அப்படித்தான் வேலைக்குப் போய் வந்தாள்.

மீன் பிடிக்குமென்றால் காசிமேடு பக்கம்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் போய் மாட்டாதீர்கள். வாரநாளில் விடியும் முன்னே போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, அப்போது விலை ஏறும்.

வீடு முடிவாகிப் பால் காய்ச்சப் போகிற அன்று, காலையில் தண்ணீர் விடுகிற நாளாகப் பார்த்துப் போங்கள். பக்கத்து வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு டம்ளர் பால் கொடுத்துவிட்டு, லாரித் தண்ணீர் எந்த முனையில் நிற்கும், யார் வரிசை போடுகிறார்கள் என்று கேட்டு வையுங்கள். பிளாஸ்டிக் குடம் வாங்கும்போது நீலமும் பச்சையும் வேண்டாம், தெருவில் எல்லோரிடமும் அதுதான். ஆரஞ்சோ மஞ்சளோ வாங்கி, கழுத்தில் ஒரு துண்டுத் துணியைக் கட்டிவிடுங்கள். துணி இல்லையென்றால் என் கடைக்கு வாருங்கள், வெட்டினது போக மிச்சம் ஒரு மூட்டை இருக்கிறது.