கதை சொல்லும் ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டரை மதிப்பிடுவது எப்படி? முதன்முறை எழுதுவோருக்கான செய்முறை

நாயகனின் கண்கள் வழியே பார்த்துச் சுட்டு ஆடும் வீடியோ கேம் வகையான ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டரில் கதாநாயகனின் முகத்தை நாம் பெரும்பாலும் பார்ப்பதில்லை. அவனுடைய கைகளும் அவற்றில் இருக்கும் துப்பாக்கியும்தான் எப்போதும் திரையில் இருக்கின்றன. ஆகவே இவ்வகை விளையாட்டு ஒரு கதையைச் சொல்ல முற்படும்போது, அந்தக் கைகள் செய்யும் வேலையின் வழியாகவே கதையின் பெரும்பகுதி நம்மை வந்தடைய வேண்டும் என்பது என் கருத்து. கதைக்கு ஒரு மதிப்பெண், சண்டைக்கு ஒரு மதிப்பெண் என்று தனித்தனியே போட்டுக் கூட்டிவிடும் மதிப்புரைகள் இந்த அடிப்படையையே தவறவிடுகின்றன. கதையும் சண்டையும் ஒன்றையொன்று தாங்குகின்றனவா என்று கண்டறியும் முறையை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

படி 1: தொடங்கும் முன் குறித்துக்கொள்ள வேண்டியவை

எந்தக் கருவியில், எந்தப் பதிப்பை, எந்தக் கடின நிலையில் விளையாடுகிறீர்கள் என்பதை முதலில் எழுதி வையுங்கள். முதல்முறை நடுத்தரக் கடின நிலையே போதுமானது. அடுத்து, அமைப்புகளில் பார்வைக் கோணத்தை (திரையில் ஒரே நேரத்தில் எவ்வளவு அகலம் தெரிகிறது என்பதை) மாற்ற வழி இருக்கிறதா என்று பாருங்கள்; கோணம் மிகக் குறுகலாக இருந்தால் சிலருக்குத் தலைசுற்றல் வரும், அந்த அசௌகரியத்தோடு விளையாடினால் கதையையும் சரியாக எடைபோட இயலாது. ஃபிரேம் ரேட்டையும், அதாவது ஒரு வினாடியில் திரைக்கு வரும் படங்களின் எண்ணிக்கையையும், கவனியுங்கள். வினாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 16.7 மில்லிவினாடியிலும், 30 என்றால் 33.3 மில்லிவினாடியிலும் திரைக்கு வருகின்றன. குறி பார்க்கும் கை இந்த வேறுபாட்டை உடனே உணரும்.

படி 2: கட்டுப்பாடு யார் கையில் இருக்கிறது?

முதல் ஒரு மணி நேரத்தில், விளையாட்டு உங்களிடமிருந்து எத்தனை முறை கட்டுப்பாட்டைப் பறிக்கிறது, எதற்காகப் பறிக்கிறது என்று குறித்து வாருங்கள். வால்வ் நிறுவனம் உருவாக்கி 1998இல் வெளிவந்த ‘ஹாஃப்-லைஃப்’ ஓர் ஆய்வுக்கூடத்திற்குள் செல்லும் ரயில் பயணத்தோடு தொடங்குகிறது. நாம் வெறுமனே பார்த்திருக்க வேண்டிய காட்சியாக (கட்சீனாக) அதைக் காட்டாமல், பெட்டிக்குள் நடக்கவும் விரும்பிய பக்கம் திரும்பிப் பார்க்கவும் நமக்கு இடம் தருகிறது. அந்த இடத்தின் பிரம்மாண்டத்தை நாமே கண்டுபிடித்ததாக உணர்கிறோம்.

இதைக் கொண்டு, கட்சீன் வந்தாலே குறை என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம். எதைச் சொல்வதற்காகக் கட்டுப்பாடு தரப்படுகிறது அல்லது மறுக்கப்படுகிறது என்பதே கேள்வி. 2007இல் வந்த ‘கால் ஆஃப் டூட்டி 4: மாடர்ன் வார்ஃபேர்’ விளையாட்டில் அணுகுண்டு வெடிப்புக்குப் பின் ஒரு காட்சி உண்டு. விழுந்து கிடக்கும் ஹெலிகாப்டரிலிருந்து வீரன் தவழ்ந்து வெளியே வருகிறான். நகர்த்துவது நாம்தான், ஆனால் எப்படி நகர்த்தினாலும் அவன் பிழைக்கப் போவதில்லை. கட்டுப்பாட்டை நம் கையிலேயே விட்டுவிட்டு அதனால் பயனில்லை என்று உணர்த்துவதுதான் அக்காட்சியின் வலிமை.

படி 3: ஒரே சண்டையை மீண்டும் ஆடுங்கள்

நடுப்பகுதியில் ஒரு சண்டையைத் தேர்ந்து, செக்பாயிண்டிலிருந்து (தோற்றால் மீண்டும் தொடங்கும் இடத்திலிருந்து) வேறு துப்பாக்கியோடும் வேறு வழியிலும் மறுபடி ஆடிப் பாருங்கள். எதிரிகளின் நடத்தை மாறுகிறதா, உங்களை ஒளிவிடத்திலிருந்து நகர வைக்கிறார்களா என்று கவனியுங்கள். 2005இல் வந்த ‘ஃபியர்’ இதற்கு நல்ல அளவுகோல்: அதன் எதிரிகள் ஓர் இலக்கை வைத்துக்கொண்டு அதை அடையும் செயல்களைத் தாமே கோத்துக்கொள்ளும் முறையில் உருவாக்கப்பட்டவர்கள், தாம் செய்யப்போவதை ஒருவருக்கொருவர் கத்திச் சொல்வதால் அந்தத் திட்டமிடல் நம் காதுக்கும் எட்டுகிறது.

படி 4: கை செய்ததும் கதை சொன்னதும்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு லெவல் முடிந்ததும் ஒருபுறம் கதை என்ன சொன்னது என்றும், மறுபுறம் உங்கள் கை என்ன செய்தது என்றும் எழுதுங்கள். கருணையுள்ளவன் என்று கதை அறிமுகப்படுத்தும் நாயகன், சரணடைய வழியே இல்லாத எதிரிகளை லெவல் முழுதும் சுட்டுத் தள்ளிவிட்டு, அடுத்த கட்சீனில் ஒரே ஒரு மரணத்துக்காகக் கண்ணீர் வடித்தால், அந்த முரண் உங்கள் தாளில் பளிச்சென்று தெரியும்.

வடிவமைப்பாளர் கிளிண்ட் ஹாக்கிங் 2007இல் ‘பயோஷாக்’ பற்றி எழுதிய விமர்சனம் இவ்வகை முரணுக்கே ‘லூடோநேரட்டிவ் டிஸ்ஸனன்ஸ்’ என்று பெயர் சூட்டியது. சிறுமிகளைக் காப்பதா, அவர்களிடமிருந்து ஆற்றலைப் பறித்துக்கொள்வதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை விளையாட்டு முறை நமக்குத் தருகிறது. கதையோ, நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இன்னொருவருக்கு உதவியே ஆக வேண்டும் என்கிறது. அவரது வாதத்தின் சாரம் இதுதான். கதையின் பிற்பகுதித் திருப்பம் இதற்கு ஓரளவு விடை தருகிறது என்று கருதுவோரும் உண்டு. இப்படி இரு தரப்புக்கும் சான்று காட்ட முடிகிற இடமே மதிப்புரைக்கு உரமாகும்.

இணைப்பு கைகூடிய விளையாட்டுகளையும் தெரிந்து வைத்திருங்கள். ‘மெட்ரோ 2033’ (2010) விளையாட்டில் தரமான ராணுவத் தோட்டாக்களே பணமும்கூட. ஆபத்தில் அவற்றைச் சுடும்போது கையிருப்பையே செலவழிக்கிறோம். நச்சுக்காற்றில் முகமூடியின் வடிகட்டி எவ்வளவு நேரம் தாங்கும் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நடக்கிறோம். சுரங்கங்களில் வாழ்வோரின் வறுமையை எந்த வசனமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது. ‘டைட்டன்ஃபால் 2’ (2016) விளையாட்டின் ஒரு லெவலில், ஒரே பொத்தானால் பாழடைந்த கட்டடத்தின் நிகழ்காலத்துக்கும் கடந்தகாலத்துக்கும் தாவலாம். எதிரியிடமிருந்து தப்புவதும் அங்கே நடந்ததை அறிவதும் அந்த ஒரே செயலில் நிகழ்கின்றன.

படி 5: ஒலிப்பதிவுகளும் சுவர்களும்

கிடக்கும் கடிதங்கள், ஒலிப்பதிவுகள், சுவரெழுத்துகள் ஆகியவற்றை எடுக்காமல் ஒரு லெவலை முடித்துப் பாருங்கள். கதை அப்போதும் புரிகிறதா? சண்டைச் சத்தத்தில் முக்கிய வசனம் மூழ்கினால் சப்டைட்டில் உதவுகிறதா என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

படி 6: எழுதும்போது

இறுதிவரை ஆடிய பிறகே எழுதுங்கள். இயலாவிட்டால் எதுவரை ஆடினீர்கள் என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவது வாசகருக்குச் செய்யும் நேர்மை. கதைத் திருப்பங்களை வெளியிட நேர்ந்தால் முன்கூட்டியே எச்சரியுங்கள். ஒவ்வொரு பாராட்டுக்கும் குறைக்கும் படி 4இல் இரண்டாகப் பிரித்து எழுதிய தாளிலிருந்து ஒரு சான்றையாவது இணையுங்கள். மதிப்பெண் தருவதாக இருந்தால் அதைக் கடைசியாகப் போடுங்கள். வரைவு முடிந்ததும், நீங்கள் மிகக் கடுமையாகக் குறை சொன்ன சண்டையை ஒருமுறை மீண்டும் திறந்து ஆடி, எழுதியது அப்படியே நிற்கிறதா என்று சரிபார்த்துவிட்டு வெளியிடுங்கள்.