பி.ஓ.டி.யின் 'சவுத்டவுன்' ஆல்பத்தைக் கேட்கத் தொடங்குவோருக்கு

பி.ஓ.டி. என்ற கிறிஸ்தவ ராக் குழுவைப் பலரும் 2001இல் வந்த 'சாட்டிலைட்' ஆல்பத்தின் வழியாகவே அறிந்திருப்பார்கள். ஆனால், அக்குழு அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் என்ற பெரிய நிறுவனத்துக்காகச் செய்த முதல் ஆல்பமான 'தி ஃபண்டமெண்டல் எலிமெண்ட்ஸ் ஆஃப் சவுத்டவுன்' (1999) ஆல்பத்திலிருந்து தொடங்குவதே சரியான வழி என்பது என் உறுதியான எண்ணம்.

அதற்கும் முன்பு, சிறிய கிறிஸ்தவ நிறுவனமான ரெஸ்க்யூ ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட 'பிரவுன்' (1996) ஆல்பத்தில் இரண்டு பாடல்களையாவது கேட்டுவிடுங்கள். அந்த நிறுவனத்தை நடத்தியவர் டிரம்மர் வவ் பெர்னார்டோவின் தந்தை. அங்கு கேட்ட ஒலியை நினைவில் வைத்துக்கொண்டு 'சவுத்டவுன்' ஆல்பத்துக்கு வந்தால், தயாரிப்பாளர் ஹோவர்ட் பென்சனின் கைப்பட்ட பிறகு டிரம்ஸும் மார்கோஸ் கியூரியலின் கிதாரும் எவ்வளவு கனம் பெற்றுள்ளன என்பது உடனே விளங்கும்.

ஆல்பத்தை முதல் பாடலிலிருந்து வரிசை மாறாமல் கேளுங்கள். முதல் முறை வரிகளைத் தேட வேண்டாம். சன்னி சாண்டோவலின் குரல் ராப்பிலிருந்து முழக்கத்துக்கும், அங்கிருந்து ஜமைக்கா நாட்டு இசையான ரெகேயின் சாயலுக்கும் மாறும் இடங்களை மட்டும் கவனியுங்கள். சவுத்டவுன் என்பது மெக்சிகோ எல்லையை ஒட்டிய சான் டியாகோ நகரின் தென்பகுதி. இவர்கள் வளர்ந்த இடம். இரண்டாம் முறை வரிகளோடு கேட்கும்போது, இவர்களுடைய கிறிஸ்தவ விசுவாசம் அந்தத் தெருக்களை விட்டு விலகி நிற்கவில்லை என்பது தெரியவரும்.

யூ2 குழுவின் 'புல்லட் த ப்ளூ ஸ்கை' பாடலை இவர்கள் தம் பாணியில் பாடியிருக்கிறார்கள். அதை அடுத்து வருவது, வேதாகமத்தின் துதிப்பாடல்களுள் ஒன்றான 150ஆம் சங்கீதத்தின் பெயரைத் தாங்கிய பாடல். அதைக் கேட்குமுன் வேதாகமத்தைத் திறந்து அந்தச் சங்கீதத்தை ஒருமுறை வாசித்துவிடுங்கள். எக்காளம், தம்புரு, பேரோசையுள்ள கைத்தாளங்கள் என்று கருவிகளை அடுக்கிச் சொல்லி அவற்றால் தேவனைத் துதிக்க அழைக்கும் பகுதி அது. இரைச்சலான இசை ஆராதனைக்கு ஏற்றதன்று என்று கருதுவோர் இந்த ஆல்பத்துக்குக் காதுகொடுக்க அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. பெரிய நிறுவனத்துக்குப் போனால் விசுவாசத்தை மறைக்க நேரும் என்ற அச்சம் அக்காலத்தில் இருந்தது. இவர்கள் மறைக்கவில்லை, அப்படியிருந்தும் அமெரிக்காவில் இந்த ஆல்பம் பத்து லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்று பெற்றது.

இவ்வளவும் கேட்ட பிறகு 'சாட்டிலைட்' ஆல்பத்துக்குச் செல்லுங்கள். அதையும் தயாரித்தவர் பென்சனே என்பதால், இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்பது எளிது.