பயணக் கட்டுரை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: தனுஷ்கோடியை முன்வைத்து

தனுஷ்கோடிக்குப் போய்வந்து எழுதுகிறவர்களில் பலர் ஒரே கட்டுரையைத்தான் எழுதுகிறார்கள். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு புயல் வந்தது. ரயிலைக் கடல் கொண்டுபோனது. இடிந்த தேவாலயம் இன்னும் நிற்கிறது. இன்று அது ஆளில்லாத பேய் நகரம். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் நின்றால் எதிரே இலங்கை தெரியும். படங்கள் மாறுகின்றன, வாசகங்கள் மாறுவதில்லை. இந்த ஐந்தில் கடைசி இரண்டும் தவறு என்பது அங்கே அரை நாள் நின்று பார்த்த யாருக்கும் தெரிந்துவிடும். எழுதியவர் போகவில்லை என்று நான் சொல்லவில்லை. போயிருக்கிறார். எழுத உட்கார்ந்தபோது பார்த்ததை விட்டுவிட்டு, கிளம்புவதற்கு முன் படித்ததை எழுதிவிட்டார். பயண எழுத்தில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் முளைக்கின்றன என்பது என் எண்ணம். கண்டது, கேட்டது, படித்தது ஆகிய மூன்றையும் ஒரே குரலில், ஒரே உறுதியோடு சொல்லிவிடுகிறோம்.

இலங்கை தெரியும் என்ற வரியையே எடுத்துக்கொள்வோம். அரிச்சல்முனைக்கும் இலங்கைக் கரையில் உள்ள தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல். கடற்கரையில் நிற்கும் ஒருவரின் கண்ணுக்குத் தொடுவானம் சுமார் 5 கிலோமீட்டர்தான். தலைமன்னார் இருக்கும் மன்னார்த் தீவு மலை இல்லாத தாழ்ந்த மணல் நிலம். ஆகவே கண்ணுக்குப் படுவது நடுவில் உள்ள மணல் திட்டாகவோ மீன்பிடிப் படகாகவோதான் இருக்கும். யாரோ கைநீட்டி "அதோ இலங்கை" என்று சொன்னால், அப்படிச் சொன்னார்கள் என்று எழுதலாம். பார்த்தேன் என்று எழுதக் கூடாது.

பேய் நகரம் என்பதும் அப்படித்தான். புயலுக்குப் பிறகு அரசு அந்த ஊரை மக்கள் வாழத் தகுதியற்றது என்று அறிவித்தது உண்மை. ஆனால் மீனவக் குடும்பங்கள் திரும்பி வந்தன, குடிசை போட்டு வாழ்கின்றன, கரைவலை இழுக்கின்றன. மணலில் குழி தோண்டி ஊறிவரும் நல்ல தண்ணீரைப் பெண்கள் அகப்பையால் மொண்டு குடத்தில் நிரப்புகிறார்கள். இரண்டு பக்கமும் உப்புக் கடல் இருக்கும் ஒரு மணல் முனையில் குடிக்கத் தண்ணீர் ஊறுவதைவிட எழுதத் தகுந்த செய்தி என்ன இருக்க முடியும்? அதைத் தாண்டிப் போய் "மனித நடமாட்டமே இல்லாத பாழ்நிலம்" என்று எழுதுவது அந்த மனிதர்களை இல்லாமல் ஆக்குவது. என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையில் மன்னிக்கக் கடினமான தவறு இதுதான்.

கேட்டதை எழுதுவதே குற்றமல்ல. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிபுரம் வரை வந்த சீனத் துறவி யுவான் சுவாங் அங்கிருந்து இலங்கைக்குப் போக நினைத்திருந்தார். அந்நாட்டிலிருந்து வந்த துறவிகள், அரசர் இறந்துவிட்டார், நாட்டில் பஞ்சமும் குழப்பமும் நிலவுகின்றன என்று சொன்னதால் போகவில்லை. ஆனாலும் அவருடைய நூலில் இலங்கையைப் பற்றி விரிவான பகுதி உண்டு. கேள்விச் செய்தி என்பதால் அது வீணாகிவிடவில்லை. அக்காலத்தில் காஞ்சியில் இலங்கையைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அவர் அங்கே போகவில்லை என்பது நமக்குத் தெரிவதற்கு, அவருடைய சீடர்கள் எழுதிய வாழ்க்கை வரலாறு தனியாக இருக்கிறது. நம் கட்டுரைக்கு அப்படி ஒரு துணைநூல் இருக்கப்போவதில்லை. எது செவிவழி வந்தது என்பதை நாமேதான் கட்டுரைக்குள் சொல்லிவிட வேண்டும்.

பிறர் எழுதியதை எடுத்து நம் அனுபவமாக்கும் பழக்கமும் இன்று தோன்றியதல்ல. 1325இல் மொராக்கோவின் தாஞ்சியரிலிருந்து கிளம்பிய இப்னு பதூதா, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பி, தன் பயணங்களை இப்னு ஜுஸய் என்ற எழுத்தாளரிடம் சொல்லி எழுதவைத்தார். டமாஸ்கஸ், மெக்கா போன்ற இடங்களைப் பற்றிய பகுதிகள் பல, சுமார் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் அதே வழியில் சென்ற இப்னு ஜுபைர் எழுதிய நூலிலிருந்து பெருமளவு எடுக்கப்பட்டவை என்பதை ஆய்வாளர்கள் ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். விளைவு என்ன? அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது, எந்த நூற்றாண்டின் நகரத்தைப் பார்க்கிறோம் என்ற ஐயம் வாசகரை விடுவதில்லை.

ஆனால் அதே இப்னு பதூதாவிடம் கற்க வேண்டிய துணிவும் இருக்கிறது. 1340களில் அவர் மதுரை சுல்தான் கியாசுத்தீனிடம் வந்தார். இருவரும் சகலைகள், அக்கா தங்கையை மணந்தவர்கள். விருந்தினராகத் தங்கியிருந்தபோதே, சுல்தான் பெண்களையும் குழந்தைகளையும்கூட எப்படிக் கொல்வித்தார் என்பதைக் கண்ணால் கண்டார். அது மிகக் கொடிய செயல் என்று வெளிப்படையாகவே பதிவு செய்தார். உண்ட வீட்டின் உறவுக்காக மறைக்கவில்லை. மதுரை சுல்தான்களின் காலத்தைப் பற்றி எழுதுகிற யாரும் இன்றும் அந்தப் பக்கங்களைத் தேடிப் போவது இதனால்தான். விடுதிக்காரர் இலவசமாக அறை கொடுத்தார், சுற்றுலா நிறுவனம் டிக்கெட் எடுத்துக் கொடுத்தது என்பதற்காகக் குறைகளை விழுங்கிவிட்டு எழுதப்படும் கட்டுரைகள் இன்று நிறைய வருகின்றன. யார் செலவில் போனோம் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டு, கண்ட குறையையும் சொல்லுங்கள். இதைச் செய்ய முடியாத நிலை என்றால் அந்த உபசரிப்பை ஏற்காமலிருப்பது நல்லது. வாசகர் உங்களை நம்பித் தன் பணத்தையும் விடுமுறையையும் செலவிடப் போகிறார்.

எண்களில் கவனம் வேண்டும். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன அந்த ரயிலில் இறந்தவர்கள் 115 பேர் என்று ஒரு கணக்கு, 200 பேர் என்று இன்னொரு கணக்கு. டிக்கெட் எடுத்தவர்களை மட்டும் எண்ணினால் ஒன்று, எடுக்காதவர்களையும் மதிப்பிட்டுச் சேர்த்தால் மற்றொன்று. இரண்டில் பெரியதை எடுத்துக்கொண்டால் கட்டுரைக்கு அழுத்தம் கூடும் என்று நினைப்பது இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. எந்தக் கணக்கு என்பதை ஒரு சொல்லில் குறிப்பிட்டால் போதும்.

ஒரே ஒரு முறை போனதை வைத்து "எப்போதும் இப்படித்தான்" என்று எழுதுவது இன்னொரு தவறு. தனுஷ்கோடி முனையின் வடபுறம் பாக் நீரிணை, தென்புறம் மன்னார் வளைகுடா. அமைதியாகக் கிடக்கும் வடகடலைப் பெண்கடல் என்றும், அலையடிக்கும் தென்கடலை ஆண்கடல் என்றும் உள்ளூரில் சொல்கிறார்கள். ஜூன், ஜூலை மாதங்களில் போனவர் இதை நேரில் கண்டு, அப்படியே நிலையான உண்மையாக எழுதிவிடுகிறார். தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது தென்கடல் பொங்குகிறது. வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் வடகடலின் குணம் மாறிவிடும். 1964இல் ஊரை அழித்த புயல் வந்ததும் டிசம்பரில்தான். ராமேசுவரம் தீவின் மீனவர்கள் காற்றுக்கு ஏற்பத் தொழில் செய்யும் கரையையே மாற்றிக்கொள்கிறார்கள். ஆகவே எந்த மாதம், என்ன காற்று, காலையா மாலையா என்று எழுதாத கடல் வருணனையில் பாதி காணாமல் போகிறது. அந்த மாதத்துக்கு வெளியே இந்த இடம் எப்படி இருக்கும் என்று அங்கேயே ஒருவரிடம் கேட்டு, அவர் சொன்னதாகவே இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.

இதோடு சேர்ந்தது தேதி போடாத தவறு. தனுஷ்கோடிக்கு முன்பெல்லாம் மணலிலும் தண்ணீரிலும் ஓடும் வேன்களில்தான் போக முடியும். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டது. 1914இல் கட்டிய பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்து 2022 டிசம்பரில் நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், பழைய பாலத்தின் ரயில் பயணத்தை நிகழ்காலத்தில் வருணித்த கட்டுரையை நம்பி பாலத்துக்கு இக்கரையில் உள்ள மண்டபம் ரயில் நிலையத்தில் போய் இறங்கியவர்கள் என்ன செய்திருப்பார்கள்? பயணம் செய்த மாதமும் ஆண்டும் தலைப்பின் கீழேயே இருக்கட்டும். ஆட்டோ கட்டணம், சாப்பாட்டு விலை எழுதினால் ஆண்டைச் சேர்த்து எழுதுங்கள். விலை பழசாகிவிடுமே என்று அதையே விட்டுவிட வேண்டாம். ஏ.கே. செட்டியார் பழைய இதழ்களில் தேடித் தொகுத்த தமிழ்ப் பயணக் கட்டுரைகளைப் படித்தால் புரியும். அன்றைய சத்திரம், வண்டிக் கூலி, வழியில் கிடைத்த உணவு போன்ற, எழுதியவர்களுக்கே சாதாரணமாகத் தோன்றியிருக்கக்கூடிய செய்திகள்தான் இன்று அவற்றின் செல்வம்.

நடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அலாரம் அடித்தது, பல் துலக்கினோம், பஸ் தாமதமானது என்று மூன்று பத்தி கழித்து ஊருக்குள் நுழைய வேண்டாம். கண்கொள்ளாக் காட்சி, மெய்சிலிர்த்தது, சொர்க்கமே தரையிறங்கியது போன்ற தொடர்கள் எந்த ஊருக்கும் பொருந்தும். ஆகவே எந்த ஊரையும் காட்டாது. ஒரு வரியில் ஊர்ப்பெயரை மாற்றிப் படித்துப் பாருங்கள். தனுஷ்கோடி என்ற இடத்தில் ஊட்டி என்று போட்டாலும் வரி அப்படியே நின்றால், அந்த வரியை அடித்துவிடலாம். வரலாற்றை மொத்தமாக ஒரே இடத்தில் கொட்டுவதும் வேண்டாம். சென்னையிலிருந்து போட் மெயில் ரயிலில் வந்தவர்கள் தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னார் போய், அங்கிருந்து மீண்டும் ரயிலில் கொழும்பு போனார்கள் என்ற செய்தியை, இடிந்த ரயில் நிலையத்தின் சுவருக்கு முன்னால் வாசகரைக் கொண்டுபோய் நிறுத்தியபின் சொன்னால் அது மனதில் பதியும். தொடக்கத்தில் சொன்னால் பாடப்புத்தகம் ஆகிவிடும்.

மனிதர்களை எழுதுவதில்தான் அதிகம் சறுக்குகிறோம். "வெள்ளந்தியான கிராமத்து மக்கள்", "கடலை நம்பி வாழும் எளிய மனிதர்கள்". இப்படி எழுதும்போது அன்பாகத்தான் எழுதுகிறோம். ஆனால் கரைவலை இழுப்பது எளிய வேலையே அல்ல. நீரோட்டம் எந்தப் பக்கம், வலையை எங்கே வளைத்து விடுவது, இரண்டு முனைகளையும் எந்த வேகத்தில் நெருக்குவது என்று அதற்குள் பெரிய கணக்கு இருக்கிறது. வந்த மீனைப் பங்கிடுவதற்கு முறை இருக்கிறது. வடம் பிடித்து இழுப்பவரிடம் "வாழ்க்கை எப்படிப் போகிறது?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். இன்று என்ன மீன் பட்டது, யாருக்கு எத்தனை பங்கு, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர் தன் தொழிலை அறிந்தவராகப் பேசத் தொடங்குவார். அதை அவர் சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள்; அறைக்குத் திரும்பியபின் நினைவிலிருந்து எழுதும் உரையாடலில் எல்லாரும் நம்மைப் போலவே பேசுவார்கள்.

பெயரும் படமும் போடுமுன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். அரிச்சல்முனைக்கு அப்பால் உள்ள திட்டுகளின் வரிசை பன்னாட்டுக் கடல் எல்லையைத் தொட்டுச் செல்கிறது. கைதாவதும் படகு பறிபோவதும் இந்தப் பகுதி மீனவர்களின் அன்றாட அச்சம். ஒருவர் அன்பு மிகுதியில் உங்களைப் படகில் ஏற்றி எங்கோ கூட்டிப்போனதைப் பெயர், படம், படகு எண்ணோடு எழுதினால், உங்களுக்கு அது ஒரு சுவையான பத்தி, அவருக்கு விசாரணை. சம்மதம் கேட்பது மட்டும் போதாது. இது எங்கே வெளியாகும், யார் யார் படிப்பார்கள் என்பதை விளக்கிவிட்டுக் கேட்க வேண்டும். ஐயம் இருந்தால் பெயரை விட்டுவிடுங்கள், கட்டுரை ஒன்றும் குறைந்துவிடாது. ஆமை முட்டையிடும் இடம், பறவைகள் இறங்கும் சேற்றுநிலம் ஆகியவற்றின் துல்லியமான வழியையும் அப்படியே விட்டுவிடலாம்.

தூர தேசத்துக்குப் போகிறவர்கள் ஒரு வாரத்தில் "ஜப்பானியர்கள் எல்லாரும் இப்படித்தான்" என்று முடிவு சொல்லிவிடுகிறார்கள். பக்கத்து ஊருக்குப் போகிறவர்களின் சிக்கல் வேறு. ஏற்கெனவே எல்லாம் தெரியும் என்ற எண்ணத்தோடு போவதால் எதையும் பார்ப்பதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் விமான நிழல் தரையில் விழாது என்ற கதை, அந்த நிழலை மிதித்துக்கொண்டு போனவர்களாலேயே இன்றும் எழுதப்படுகிறது. காலையிலோ மாலையிலோ அங்கே போனால் நீண்ட நிழல் தரையில் கிடப்பதை யாரும் பார்க்கலாம். 1010இல் முடிந்த, சுமார் 60 மீட்டர் உயரக் கற்கட்டடத்துக்கு அப்படி ஒரு பொய்ப் பெருமை தேவையே இல்லை. நந்தி மண்டபத்து நிழலில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களைப் பற்றியும், கல்வெட்டைத் தடவிப் பார்க்கும் மாணவர்களைப் பற்றியும் எழுத எவ்வளவோ இருக்கிறது.

எழுதி முடித்தபின் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. கட்டுரையை அச்செடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் கண்டதா, கேட்டதா, படித்ததா என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். முக்கால்வாசி படித்ததாக இருந்தால், இன்னொரு முறை போய்வந்துதான் எழுத வேண்டும். முடிந்தால் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் வெளியிடுமுன் படிக்கக் கொடுங்கள். ஊர்ப்பெயர்களையும் மீன்பெயர்களையும் திருத்தித் தருவார். வெளியான பிறகு யாராவது பிழையைச் சுட்டிக்காட்டினால், அந்த வரியைச் சத்தமில்லாமல் மாற்றிவிடாமல், என்ன எழுதியிருந்தது, எப்போது திருத்தப்பட்டது என்று கட்டுரையின் அடியில் குறிப்பிடுங்கள். பழைய வரியைப் படித்துவிட்டுப் பயணத்துக்குத் திட்டமிட்டவர் அதைத் தேடி மறுபடி வருவார்.