சிஸ்டம் படுப்பதற்கு முன்பே: ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ரெக்கவரி ஏற்பாடு

ஐப்பசி மழையில் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஆபீஸ் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. கரண்ட் போய்ப் போய் வந்ததில் மதர்போர்டு காலி. சேலத்திலிருந்து புது போர்டு வாங்கிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப்போய் மாட்டினேன். ஆன் செய்ததும் நீலத்திரை வந்து, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க கீயைக் கேட்டது.

அந்த கம்ப்யூட்டரை முதலில் செட்டப் செய்தவர் தன் சொந்த மெயில் ஐடியைக் கொடுத்திருந்தார். கீ அந்தக் கணக்கில்தான் கிடக்கிறது. அவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருஷமாகிறது, போன் நம்பரும் மாறிவிட்டது. சனிக்கிழமை கூலிக்கு ரைட்டர் அண்ணன் செக்ரோல் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கையாலேயே கூட்டினார். பக்கத்தில் நின்று பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். விண்டோஸ் 11-ஐ வைத்துச் சொல்கிறேன்.

1. முதல் செட்டப்பிலேயே ஆபீஸ் மெயில்

புது கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும்போது யாருடைய சொந்த மெயிலையும் போடாதீர்கள். ஆபீசுக்கென்று ஒரு மெயில் தொடங்கி, பாஸ்வேர்டை முதலாளியிடம் கொடுத்து வையுங்கள். இப்போது வரும் பல கம்ப்யூட்டர்களில் இந்தக் கணக்கோடு உள்ளே நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்ளும், கீயும் அந்தக் கணக்குக்கே போய்விடும். பூட்டு நல்லதுதான். கம்ப்யூட்டர் திருடு போனாலும் உள்ளே இருக்கும் ஆபீஸ் கணக்கு வழக்கை யாரும் படிக்க முடியாது. ஆனால் பூட்டின் ரகசியம் மதர்போர்டில் உள்ள டிபிஎம் சிப்பில் இருக்கிறது. போர்டை மாற்றினால் கீ இல்லாமல் திறக்காது.

2. கீயைக் காகிதத்தில் எடுங்கள்

ப்ரோ பதிப்பு என்றால் ஸ்டார்ட்டில் பிட்லாக்கர் என்று தேடி, மேனேஜ் பிட்லாக்கருக்குள் போங்கள். 'பேக் அப் யுவர் ரெக்கவரி கீ' என்பதை அழுத்தி பிரிண்ட் கொடுங்கள். ஹோம் பதிப்பில், அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் கீ இருக்கும். காகிதத்தில் கீயோடு கீ ஐடி என்று இன்னொரு எண்ணும் வரும். நீலத்திரையிலும் அதே ஐடி தெரியும், அதை வைத்துத்தான் எந்தக் காகிதம் எந்த கம்ப்யூட்டருக்கு என்று பொருத்த வேண்டும். அதனால் மேலே 'பில்லிங் சிஸ்டம்', 'கோடவுன் சிஸ்டம்' என்று பேனாவால் எழுதி பீரோவில் வையுங்கள். கீபோர்டுக்கு அடியில் வேண்டாம்.

3. ரெக்கவரி பென்டிரைவ்

காலியான 32 ஜிபி பென்டிரைவ் ஒன்று வாங்குங்கள். அதில் ஏற்கனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். ஸ்டார்ட்டில் 'ரெக்கவரி டிரைவ்' என்று தேடித் திறந்து, சிஸ்டம் ஃபைல்களையும் சேர்க்கச் சொல்லும் கட்டத்தில் டிக் போட்டு, நெக்ஸ்ட் கொடுங்கள். நேரம் பிடிக்கும், யுபிஎஸ் ஓடும்போது செய்யுங்கள். டிக் போடாவிட்டால் பழுது பார்க்கும் கருவிகள் மட்டும்தான் ஏறும், விண்டோஸைத் திரும்பப் போட முடியாது.

ரீசெட் செய்யும்போது, அதாவது விண்டோஸைத் திரும்பப் போடும்போது, 'கிளவுட் டவுன்லோடு' என்ற வழியும் உண்டு. அதற்கு இணையத்திலிருந்து 4 ஜிபிக்கு மேல் இறங்க வேண்டும். சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுக் கடையில் ஃபைபர் இருந்தால் பரவாயில்லை. மலையில் மழை நாளில் அதை நம்ப முடியாது, பென்டிரைவ்தான் கை கொடுக்கும்.

4. ரீஸ்டோர் பாயிண்ட்

'கிரியேட் எ ரீஸ்டோர் பாயிண்ட்' என்று தேடித் திறந்து, சி டிரைவைத் தேர்ந்தெடுத்து, கான்ஃபிகர் போய் புரொடெக்‌ஷனை ஆன் செய்யுங்கள். பல கம்ப்யூட்டர்களில் இது ஆஃபாகவே கிடக்கிறது. புது பிரிண்டர் டிரைவர் போட்டுத் தகராறு வந்தால் முந்தைய நிலைக்குத் திரும்பலாம்.

இதுவரை சொன்ன எதுவும் உங்கள் டேலி கணக்கைக் காப்பாற்றாது. ரீசெட்டில் 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுத்தாலும், நீங்கள் போட்ட டேலி மென்பொருள் போய்விடும். டேலி டேட்டா ஃபோல்டரைத் தினமும் வேறொரு டிரைவில் எடுத்து வையுங்கள்.

5. ஒத்திகை

கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். 'சூஸ் ஆன் ஆப்ஷன்' என்று நீலத்திரை வந்தால் உள்ளே இருக்கும் ரெக்கவரி சரியாக இருக்கிறது. கன்டினியூ கொடுத்து வெளியே வந்துவிடுங்கள். அடுத்து பென்டிரைவைச் செருகி ஆன் செய்து, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கான கீயை உடனே கீபோர்டில் தட்டுங்கள். டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9. பென்டிரைவைத் தேர்ந்தெடுத்ததும் கீபோர்டு மொழி கேட்கும் திரை வந்தால் போதும், அதற்கு மேல் எதையும் தொடாமல் ஆஃப் செய்யுங்கள். எந்த எஃப் கீ வேலை செய்ததோ அதை மட்டும் ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி சிபியு மேலேயே ஒட்டிவிடுங்கள்.