சிறிய டிராக்டர் பேக்ஹோவுக்கு ஒற்றைப் பல் ரிப்பர்: நாமே செய்து பொருத்தும் முறை

காய்ந்து இறுகிய களிமண்ணிலோ சுக்காங்கல் தரையிலோ சிறிய டிராக்டரின் பேக்ஹோ (பின்புறம் பொருத்தும் தோண்டும் கை) பக்கெட்டை அழுத்தினால் பல் உள்ளே இறங்காது. டிராக்டரின் பின்புறம்தான் மேலே எழும்பும். இருக்கிற விசை பக்கெட்டின் முழு அகலத்திலும் பரவிவிடுவதே காரணம். மண்வெட்டி எகிறும் இடத்தில் கடப்பாரையை எடுப்பதில்லையா, அதே கணக்குதான் இங்கும். பக்கெட்டைக் கழற்றிவிட்டு ஒற்றைப் பல் கொண்ட ரிப்பரை மாட்டினால், அதே விசை ஒரு புள்ளியில் குவிந்து தரையைப் பிளக்கும். பிறகு பக்கெட்டை மாட்டி மண்ணை அள்ளிக்கொள்ளலாம்.

முதன்முதலாகச் செய்ய உகந்த இணைப்பு இதுதான். பக்கெட் செய்யத் தகட்டை வளைக்க வேண்டும். இதற்கு வளைவே தேவையில்லை. வெல்டிங் ஓரளவு கைவந்தவர்கள் துணிந்து இறங்கலாம். வெல்டிங்கில் இப்போதுதான் கைவைக்கிறீர்கள் என்றால், வெட்டுவதையும் அளப்பதையும் நீங்கள் செய்துகொண்டு, வெல்டிங்கை மட்டும் தேர்ந்த ஒருவரிடம் விடுங்கள்.

வடிவம்

மேலே இரண்டு காதுகள். இவற்றில்தான் பின்கள் (பேக்ஹோவோடு கோர்க்கும் இரும்பு உருளைகள்) நுழையும். காதுகளுக்குக் கீழே ஓர் அடித்தகடு. அடித்தகட்டின் நடுவே கீழ்நோக்கி இறங்கும் கனமான தண்டு. தண்டின் நுனியில் பல். தண்டின் இருபுறமும் அடித்தகட்டைத் தாங்கும் முக்கோணத் தகடுகள். இந்த முக்கோணங்களின் வெளி விளிம்பு காதுகளுக்கு நேர் கீழே வர வேண்டும். அப்போதுதான் காதில் வரும் சுமை நேராகத் தண்டுக்கு இறங்கும். அடித்தகடு நடுவில் வளையாது.

அளவு எடுப்பது

பேக்ஹோவைத் தரையில் இறக்கி வைத்து, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். நெம்புகோல்களை எல்லாப் பக்கமும் அசைத்து ஹைட்ராலிக் அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே பின்னைத் தொட வேண்டும். பின்னைச் சுத்தியலால் நேரடியாக அடிக்காதீர்கள். கடினப்படுத்திய இரும்பைக் கடினமான சுத்தியல் தாக்கினால் சில்லு தெறிக்கும். இடையில் ஒரு பித்தளைத் துண்டை வைத்து, கண்ணாடி அணிந்து அடியுங்கள்.

தேவையான அளவுகள் ஐந்து: இரண்டு பின்களின் விட்டம், பின் மையங்களுக்கு இடையிலான தூரம், ஆர்ம் (பக்கெட்டைத் தாங்கும் கை) முனையின் அகலம், லிங்க் (பக்கெட்டை மடக்கும் சிலிண்டரின் விசையைப் பக்கெட்டுக்குக் கடத்தும் இணைப்பு) முனையின் அகலம், ஆர்ம் பின்னின் மையத்திலிருந்து பக்கெட் பல்லின் நுனி வரை உள்ள தூரம். பின்னை வெர்னியரால் தேயாத பகுதியில் அளக்க வேண்டும். மைய தூரத்தை அளக்க எளிய வழி: இரண்டு துளைகளின் இடது விளிம்பிலிருந்து இடது விளிம்பு வரையும், வலது விளிம்பிலிருந்து வலது விளிம்பு வரையும் அளந்து, இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள். துளைகளின் விட்டம் வேறுபட்டாலும் மைய தூரம் சரியாக வரும்.

அட்டை மாதிரி

இந்தப் படியை அவசரப்படாமல் செய்யுங்கள். ரிப்பர் நன்றாக வேலை செய்வதும் செய்யாததும் வெல்டிங் மேசைக்கு வருமுன், இந்த அட்டையிலேயே முடிவாகிவிடுகிறது.

கெட்டியான அட்டையில் பக்கவாட்டுத் தோற்றத்தை முழு அளவில் வரையுங்கள். இரண்டு பின் மையங்களையும் குறியுங்கள். ஆர்ம் பின் மையத்தில் ஓர் ஆணியை அடித்து, அதில் ஒரு நூலைக் கட்டுங்கள். ஆணியிலிருந்து ரிப்பர் நுனி வரும் இடம் வரை நூலை இழுத்து, நுனியில் பென்சிலை வைத்து ஒரு வில் வரையுங்கள். சிலிண்டர் மடக்கும்போது பல்லின் நுனி செல்லும் பாதை இது. தண்டின் முதுகுப் பக்கமும் பல்லின் பின்புறமும் முழுவதுமாக இந்த வில்லுக்கு உள்ளே இருக்க வேண்டும். ஒரு விரல் அகலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும், நுனி கிழிப்பதற்குப் பதிலாக முதுகு தரையில் உரசும். எவ்வளவு அழுத்தினாலும் பல் இறங்காது. கடைசியில் பழி ஹைட்ராலிக் பம்பின் மீது விழும்!

நுனி வரும் தூரத்தை, பக்கெட் நுனியின் தூரத்தில் முக்கால் பங்காக வைப்பது என் விருப்பம். நீளம் குறையக் குறைய விசை கூடும், ஆழம் குறையும். முக்கால் பங்கு நல்ல சமரசம்.

மாதிரியை ஒட்டுப்பலகையில் வெட்டிப் பின்களில் மாட்டுங்கள். எஞ்சினை மிக மெதுவாக ஓட்டி, சிலிண்டரை முழுவதும் நீட்டியும் சுருக்கியும் பாருங்கள். அடித்தகடு ஆர்மில் இடிக்கிறதா, லிங்க் எங்கேனும் சிக்குகிறதா என்பது உடனே தெரிந்துவிடும். இடித்தால் பலகை உடையும், ஆர்முக்குச் சேதமில்லை. இந்த நேரத்தில் யாரும் அருகே நிற்கக் கூடாது.

தண்டு எவ்வளவு கனம்?

ஒரு சின்னக் கணக்கு. சிலிண்டரின் உள்விட்டம் 60 மி.மீ., அழுத்தம் 170 பார் என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டனின் பரப்பு 2,827 சதுர மி.மீ.; 170 பார் என்பது சதுர மி.மீட்டருக்கு 17 நியூட்டன். பெருக்கினால் 48 கிலோ நியூட்டன், அதாவது ஏறத்தாழ 4.9 டன் விசை. லிங்க் வழியாக இந்த விசை ஆர்ம் பின்னிலிருந்து 200 மி.மீ. தள்ளிச் செயல்படுகிறது என்றால், 600 மி.மீ. தூரத்தில் உள்ள பக்கெட் நுனியில் அது 1.6 டன்னாகிவிடும். 450 மி.மீ. ரிப்பரின் நுனியில் 2.1 டன்னைத் தாண்டும்.

அடித்தகட்டிலிருந்து நுனி வரை 320 மி.மீ. என்றால், 25 மி.மீ. தடிப்பும் 150 மி.மீ. அகலமும் கொண்ட தண்டில் வரும் வளைவுத் தகைவு (வளைக்கும்போது இரும்புக்குள் எழும் அழுத்தம்) 73 மெகா பாஸ்கல். சாதாரண மென்னிரும்பு சுமார் 250 வரை வளையாமல் தாங்கும். ஆகவே மூன்று மடங்கு பாதுகாப்பு இருக்கிறது. அகலத்தை 100 மி.மீ. ஆக்கினால் தகைவு 164க்கு ஏறிவிடும். நுனி திடீரென வேரில் சிக்கும்போது வரும் அதிர்ச்சியையும் நினைத்தால் அது போதாது.

இதே விசை பக்கவாட்டில் வந்தால்? அதே 25 × 150 தண்டில் தகைவு 430ஐத் தாண்டும். தண்டு வளைந்து, வளைந்தபடியே நின்றுவிடும். நுனி மண்ணுக்குள் இருக்கும்போது பூமை (ஆர்மைத் தாங்கும் மேல் கையை) பக்கவாட்டில் திருப்பக் கூடாது என்று சொல்வதன் காரணம் இந்த எண்தான்.

பொருள்

தண்டுக்கு 25 மி.மீ., அடித்தகட்டுக்கு 20 மி.மீ., காதுகளுக்கும் முக்கோணங்களுக்கும் 12 மி.மீ. மென்னிரும்புத் தகடு போதும். பழைய லாரியின் பட்டை ஸ்பிரிங்கைத் தண்டாக்கலாமே என்று சிலர் யோசிப்பார்கள். வேண்டாம். அதில் கார்பன் அதிகம். வெல்டிங் ஓரத்தில் எஃகு கண்ணாடி போலக் கடினமாகி விரிசல் விடும். நுனிக்கு, வெல்டிங் செய்யும் பல் இருக்கையையும் அதில் பின் செருகி மாட்டும் பல்லையும் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். பல் தேய்ந்தால் பின்னைத் தட்டி மாற்றிவிடலாம்.

துளையும் புஷ்ஷும்

கேஸ் கட்டிங்கில் எடுத்த துளை பின்னுக்கு நேரடியாகப் பொருந்தாது. ஓரம் கரடுமுரடாக இருக்கும். பெரிய துளை எடுத்து, லேத்தில் கடைந்த புஷ்ஷை (பின் நுழையும் தடித்த வளையத்தை) அதில் வைத்து வெல்டிங் செய்வதே முறை. பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையே 0.3 முதல் 0.5 மி.மீ. இடைவெளி இருக்கட்டும்.

வெல்டிங் சூட்டில் புஷ் சுருங்கும், கோணும். அதைத் தடுக்க இரண்டு காதுகளின் புஷ்களுக்குள்ளும் ஒரு நீளமான உருளைக் கம்பியைச் செருகி, காதுகளுக்கு நடுவே ஆர்ம் அகலத்தைவிட 2 மி.மீ. கூடுதலான குழாய்த் துண்டை வைத்து இறுக்குங்கள். இரண்டு பின் துளைகளுக்கும் தனித்தனியே இதைச் செய்ய வேண்டும். லிங்க்கின் அகலம் குறைவாக இருந்தால், மாட்டும்போது வாஷர் வைத்து நிரப்பிக்கொள்ளலாம்.

வெல்டிங்

வெட்டிய ஓரங்களை கிரைண்டரால் தேய்த்து, துருவும் பெயின்டும் போக வெள்ளையாக்குங்கள். துத்தநாகம் பூசிய இரும்பை இந்த வேலைக்கே எடுக்காதீர்கள். அதன் புகை காய்ச்சலை வரவழைக்கும்.

தண்டை அடித்தகட்டின் அடியில் ஒட்டவைப்பதைவிட, தகட்டில் ஒரு நீள்துளை வெட்டி, தண்டை அதன் வழியே மேலே ஏற்றி, இருபுறமும் வெல்டிங் செய்வது பலமானது. ஓரங்களைச் சரிவாகத் தேய்த்துக்கொண்டால் வெல்டிங் ஆழமாக இறங்கும்.

வெல்டிங் ராடுக்கு 7018 வகை நல்லது. ஈரம் பட்டால் கெடும் ராடு இது. உறை பிரித்து நாட்பட்டதைச் சூடாக்கும் அடுப்பில் உலர்த்திய பிறகே எடுக்க வேண்டும். 3.15 மி.மீ. ராடுக்கு 100 முதல் 140 ஆம்பியர்; இதற்குள் உங்கள் மெஷினுக்கு ஏற்றதைக் கழிவுத் துண்டில் ஓட்டிப் பாருங்கள். முதலில் எல்லா மூலைகளிலும் சிறு டேக் (தற்காலிகப் புள்ளி வெல்டிங்) மட்டும் வைத்து, முழு ரிப்பரையும் பேக்ஹோவில் மாட்டி ஒருமுறை அளந்து சரிபாருங்கள். பிறகு கழற்றித் தரையில் வைத்தே முழு வெல்டிங்கையும் முடியுங்கள். டிராக்டரில் மாட்டியபடி வெல்டிங் செய்தால் மின்கருவிகள் கெடலாம். ஒரு பக்கம் ஒரு கோடு, எதிர்ப்பக்கம் ஒரு கோடு என மாற்றி மாற்றிப் போட்டால் தண்டு சாயாது. ஒவ்வொரு கோட்டுக்கும் பிறகு கசடைத் தட்டிவிட வேண்டும்.

பல் இருக்கை வார்ப்புக் கலப்பு எஃகு. விற்பவர் சொல்லும் வெப்பநிலைக்கு முன்கூட்டியே சூடாக்கி, வெல்டிங் முடிந்ததும் காற்றில் விடாமல், உலர்ந்த மணலில் புதைத்து மெதுவாக ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றி ஆறவைத்தால் விரிசல் நிச்சயம்.

முதல் ஓட்டம்

தோண்டும் இடத்தில் மின்கம்பி, குடிநீர்க் குழாய் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். ரிப்பர் பக்கெட்டைவிடச் சுலபமாக அவற்றைக் கிழித்துவிடும்.

பேக்ஹோவின் தாங்கு கால்களை ஊன்றி, இலேசான மண்ணில் தொடங்குங்கள். நுனி தரையைத் தொடும்போது சுமார் 45 டிகிரி சாய்வு இருக்கட்டும். சிலிண்டரால் ரிப்பரை மெதுவாக மடக்கி, நுனி இறங்கியதும் ஆர்மால் இழுங்கள். எடை குறைந்த டிராக்டரில் இரும்பு உடைவதற்கு முன் டிராக்டரே குழியை நோக்கி நகரும். அப்படி நகர்ந்தால் ஆழத்தைக் குறைத்து, இன்னொரு முறை கிழியுங்கள். ரிப்பரை மேலே தூக்கிச் சுத்தியல் போலப் போடாதீர்கள். அந்த அடி, ஆர்மை இயக்கும் சிலிண்டரின் தண்டில் விழும்.

சிறிது நேரம் ஓட்டியதும் இறக்கி வைத்து, எஞ்சினை அணைத்து, வெல்டிங் ஓரங்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். புதிதாகத் தெரியும் மயிரிழை போன்ற துருக்கோடு விரிசலின் அடையாளம். கண்டால் அதன் மேலேயே வெல்டிங் பூசாதீர்கள். கிரைண்டரால் அடிவரை தோண்டி எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். பின்களுக்கு கிரீஸ் வைத்து, பூட்டுப் போல்ட்டுகளை ஒரு திருகு இறுக்கிய பிறகு ஆழமான வேலைக்குப் போகலாம்.