வலிப்பு உள்ளவர் வீட்டில் அஞ்சறைப்பெட்டியைச் சோதிப்பது எப்படி?

என் தம்பிக்கு வலிப்பு நோய் என்று உறுதியானபோது அவனுக்கு 19 வயது. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சொந்தக்காரர்கள் பத்தியம் எழுதிக் கொடுத்தார்கள். கத்தரிக்காய் கூடாது, புளி கூடாது, கருவாடு கூடவே கூடாது, மிளகு சூடு, மாங்காய் வாயு. எட்டு மாதம் தயிர்ச் சோறும் பீர்க்கங்காய்க் கூட்டுமாக ஓட்டினான். வலிப்பு அதன் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அப்போது நாங்கள் செய்திருக்க வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன். மாத்திரையை நிறுத்துவதோ குறைப்பதோ இந்த வரிசையில் எங்கும் இல்லை.

படி 1: அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

‘வலிப்பு மாத்திரை’ என்று சொன்னால் போதாது. அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் உள்ள மருந்தின் பெயர் வேண்டும்: பெனிடாயின், கார்பமசெபின், சோடியம் வால்புரோயேட், லெவடிராசிட்டம் என்று ஏதாவது இருக்கும். உணவோடு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பழகும். ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் பெயரையும் மில்லிகிராமையும் வேளையையும் எழுதுங்கள்.

படி 2: தினமும் நான்கு வரி

தூங்கிய நேரம், சாப்பிட்ட நேரம், மாத்திரை போட்ட நேரம், வழக்கத்துக்கு மாறாகச் சாப்பிட்டது. வலிப்பு வந்தால் அதன் நேரத்தையும், எத்தனை நிமிடம் நீடித்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் நோட்டை ஓரமாக வைத்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.

தம்பியின் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: ‘வெள்ளி. மதியம் எண்ணெய்க் கத்தரிக்காய். இரவு கல்யாண வீடு, சாப்பாடு இல்லை. மாத்திரை 11.40. தூங்கும்போது மணி 2. சனி காலை 6.15 வலிப்பு.’ அத்தை உடனே கத்தரிக்காயைப் பிடித்துக்கொண்டார். அடுத்த இரண்டு வலிப்புகளையும் எழுதிய பிறகு பார்த்தால், கத்தரிக்காய் ஒன்றில்தான் இருந்தது. தூக்கக் குறைவும் தாமதமான மாத்திரையும் மூன்றிலும் இருந்தன. விரதம் இருப்பவர்கள் வீட்டில் இந்த நோட்டு இன்னும் அவசியம்.

சாப்பிடும் செயலே வலிப்பைத் தூண்டும் அரிய வகையும் உண்டு. இலங்கையில் சோறு நிறைந்த சாப்பாட்டின்போது அப்படி வருவதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் நோட்டில் வலிப்புகள் சாப்பாட்டு நேரத்திலேயே விழுந்தால் மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

படி 3: அஞ்சறைப்பெட்டியைத் திறங்கள்

கடுகு, சீரகம், வெந்தயம், மல்லி, மிளகாய், மஞ்சள் ஆகியவை குழம்பில் போடும் அளவில் வலிப்பை வரவழைப்பதாக உறுதியான சான்று எதுவும் இல்லை. இவற்றைத் தள்ளிவைப்பதால் சாப்பாடு ருசி கெடுவதுதான் மிச்சம்.

மிளகின் கதை வேறு. அதன் எடையில் ஏறக்குறைய 5 சதவீதம் பைப்பரின் என்ற பொருள். இது பெனிடாயின் கூடுதலாக உடம்பில் சேர வழிசெய்து, இரத்தத்தில் அதன் அளவை உயர்த்துகிறது. இந்தியாவில் நடந்த ஆய்வுகளிலேயே இது தெரிந்தது. பெனிடாயினைக் கரைக்கும் ஈரலின் திறனுக்கு ஓர் எல்லை உண்டு. நிரம்பிய குடத்தில் ஒரு தம்ளர் ஊற்றினாலும் வழிவதைப் போல, அந்த எல்லைக்கு அருகில் சிறு கூடுதலே மருந்தளவைத் தாறுமாறாக ஏற்றிவிடும். நடை தள்ளாடும், பேச்சு குழறும், காண்பது இரண்டாகத் தெரியும்.

அதற்காக மிளகு ரசத்தை விட வேண்டுமா? வேண்டாம் என்பதுதான் நான் புரிந்துகொண்டது. வாரத்துக்கு நான்கு நாள் மிளகு ரசம் வைக்கும் வீட்டில், அந்த ரசத்தோடு சேர்த்தே மாத்திரையின் அளவு அமைந்திருக்கும். சிக்கல் திடீர் மாற்றத்தில் இருக்கிறது. சளி பிடித்ததென்று பத்து நாள் மூன்று வேளையும் மிளகுக் கஷாயம் குடிப்பது அத்தகைய மாற்றம். திரிகடுகச் சூரணமும் அப்படியே: சுக்கு, மிளகு, திப்பிலி என்ற மூன்றில் கடைசி இரண்டிலும் பைப்பரின் உண்டு. மஞ்சள் சத்து என்று விற்கும் காப்ஸ்யூல்கள் பலவற்றிலும் அதைச் சேர்க்கிறார்கள், லேபிளைப் படியுங்கள்.

ஜாதிக்காய் ஒரு சிட்டிகை பாயசத்தில் போகட்டும். தூக்கம் வருமென்று கரண்டிக் கணக்கில் உரைத்துக் கொடுப்பது விஷமாகும்.

படி 4: மருந்தலமாரி

சமையலறையைவிட ஆபத்து இங்கேதான் அதிகம். கற்பூரத்தை விழுங்கிய குழந்தைக்குச் சற்று நேரத்திலேயே வலிப்பு வரலாம். அதுவரை வலிப்பே வராத குழந்தைக்கும் வரும். பிரசாத லட்டில் மணக்கும் துளிப் பச்சைக் கற்பூரத்தைச் சொல்லவில்லை, டப்பா கைக்கெட்டும் இடத்தில் இருப்பதைச் சொல்கிறேன். ஆவி பிடிக்க நீலகிரித் தைலம் ஊற்றும் பழக்கத்தையும் வலிப்பு உள்ளவர் விட்டுவிடுவது நல்லது. தைலத்தை முகர்ந்தும் பூசியும் வலிப்பு வந்தவர்களைப் பற்றிப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

படி 5: பழக்கூடை

கார்பமசெபின் சாப்பிடுபவர் கிரேப்ஃப்ரூட் சாற்றைத் தவிர்க்க வேண்டும். அது மருந்தளவை ஏற்றிவிடும். இது திராட்சை அல்ல, பம்ளிமாசுக்கு உறவான பெரிய பழம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது. அதிலுள்ள நச்சு வெளியேறாமல் தங்கி வலிப்பையே உண்டாக்கும்.

படி 6: கீரையைக் கழுவுங்கள்

பன்றி நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போனால் அதன் இளம் புழு மூளையில் கட்டியாகத் தங்கி வலிப்பை உண்டாக்கலாம். இந்தியாவில் தடுக்கக்கூடிய வலிப்புக் காரணங்களில் இது முக்கியமானது. பன்றி இறைச்சி சாப்பிடாதவருக்கும் வரும், ஏனென்றால் முட்டை மனித மலத்திலிருந்து நீருக்கும், நீரிலிருந்து பச்சைக் காய்கறிக்கும் வருகிறது. கேரட், கொத்தமல்லி, கீரை எல்லாவற்றையும் ஓடும் நீரில் அலசுங்கள். சமைப்பவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும்.

படி 7: கீட்டோ ஆசை வந்தால்

மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவு முறை வலிப்புக்காகவே பிறந்தது. 1921-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் மருத்துவர் ரஸ்ஸல் வைல்டர் இதை முன்வைத்தார். மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புள்ள குழந்தைகளுக்கு இன்றும் பயன்படுகிறது. ஆனால் இரண்டு மூன்று இட்லியிலேயே ஒரு நாளுக்கான மாவுச்சத்து தீர்ந்துவிடும் அளவுக்குக் கடுமையானது. சிறுநீரகக் கல்லும் வரலாம். மருத்துவரும் உணவியலாளரும் கிராம் கணக்குப் போட்டுக் கொடுக்காமல் தொடங்காதீர்கள்.

படி 8: பையோடு போங்கள்

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது நோட்டையும், வீட்டில் விழுங்கும் சூரணம், லேகியம், காப்ஸ்யூல் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எங்கள் பையில் மூன்று டப்பாக்கள் இருந்தன. மருத்துவர் இரண்டைத் திருப்பித் தந்துவிட்டு, திரிகடுகத்தை மட்டும் மேசையின் ஓரத்தில் தனியே வைத்தார்.